நாத்தனார் கல்யாணம்: மகனைப் பற்றிச் சொல்வதா, மறைப்பதா?

குடியாத்தம்_அம்மா | செவ்வாய் இரவு 11.20

பையன் இப்போதுதான் தூங்கினான், அதனால்தான் இந்த நேரத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவனுக்கு ஐந்தே கால் வயது. மூன்றரை வயதில் வேலூரில் காட்டி ஆட்டிசம் என்று தெரிந்தது. அதற்கு முந்தைய ஒரு வருடம் நாக்கில் வசம்பு தடவியதிலும், ‘அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்’ என்று மாமியார் சொன்னதை நம்பியதிலும் போய்விட்டது. இப்போது வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறி வேலூருக்குத் தெரபிக்குப் போகிறோம். நாற்பது வார்த்தை வரை வருகிறது. மீதிக்கெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான்.

வைகாசியில் நாத்தனாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு சோளிங்கர் பக்கம். நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா இவனை மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இவன் ஃபேனைப் பார்த்தபடியே நின்றான். ‘காது கேக்காதா?’ என்றார். மாமியார் சட்டென்று, ‘அதெல்லாம் நல்லா கேக்கும், அம்மாக்காரி செல்லம் குடுத்து வச்சிகீறா’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அது நடந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இப்போது வீட்டில் போட்டிருக்கும் உத்தரவு: கல்யாணம் முடியும்வரை அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. முடிந்தால் பையனை இரண்டு நாள் என் அம்மா வீட்டில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை. நான் மூத்த மருமகள், மேடைப் பக்கம் இல்லாமல் இருக்கவும் முடியாது. மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, விடுவதா? பிள்ளையை அழைத்துப் போவதா?

பேர்_வேண்டாம் | இரவு 11.48

சொல்லாதீர்கள் சகோதரி. தைரியமாகச் சொல் என்று இங்கே பத்துப் பேர் வருவார்கள். கல்யாணம் நின்றால் அதில் ஒருவரும் உங்கள் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். என் தங்கைக்கு வந்த நல்ல இடம் என் மகளைப் பார்த்த மறுநாள் ‘ஜாதகம் சேரவில்லை’ என்று கழன்றுகொண்டது. பத்துப் பொருத்தமும் பார்த்துத் தேதி குறித்த பிறகு! என் தங்கை என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. தாலி ஏறட்டும், பிறகு தானாகத் தெரியட்டும்.

ஆம்பூர்_அப்பா | புதன் காலை 6.05

ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன்.

எனக்கு மகன், எட்டு வயது. வீட்டில் உருது, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம். ஒரே மொழியில் பேசினால்தான் பேச்சு வரும் என்று ஒருவர் சொல்ல, இரண்டு வருடம் என் மனைவி தனக்கே சரளமாக வராத தமிழில் பெற்ற பிள்ளையோடு பேசினாள். தாலாட்டுகூடப் பாடவில்லை. அப்புறம் பார்த்த டாக்டர், இரண்டு மொழி காதில் விழுவதால் இந்தப் பிள்ளைகளின் பேச்சு தள்ளிப்போவதில்லை, ஆய்வுகளும் அப்படித்தான் சொல்கின்றன, உங்கள் மொழியிலேயே கொஞ்சுங்கள் என்றார். அந்த இரண்டு வருடத்தை யார் திருப்பித் தருவது? சரி, கேள்விக்கு வருகிறேன்.

நாங்களும் யாருக்கும் சொல்லாமல்தான் இருந்தோம். போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் கேட் திறந்திருந்தது, பையனைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து ஊருக்கு வெளியே கிடைத்தான். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, அதன் மேட்டில் நின்று மோட்டார் தண்ணீர் தொட்டியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். செருப்பு இரண்டையும் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்திருந்தான். வழியில் நாலு கடைக்காரர்கள் அவன் போவதைப் பார்த்திருக்கிறார்கள். கூப்பிட்டார்களாம், திரும்பவில்லையாம், ‘யார் வீட்டுப் பிள்ளையோ, திமிர் பிடிச்சது’ என்று விட்டுவிட்டார்களாம். அன்று மாலையே வீட்டிலிருந்து மெயின் ரோடு வரை கடை கடையாக ஏறி, இவன் என் மகன், ஆட்டிசம், தனியாகப் போனால் கையைப் பிடித்து நிறுத்தி எனக்கு போன் போடுங்கள் என்று சொன்னேன். அதன் பிறகு இரண்டு முறை பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் ஓர் இழுப்பு. காணவில்லை என்றால் தெருத் தெருவாகத் தேடாமல் முதலில் கிணறு, குட்டை, ஏரி பக்கம் ஓடுங்கள். கல்யாண மண்டபம் என்றால் பின்பக்கத் தண்ணீர்த் தொட்டி. ஐந்நூறு பேர் வந்து போகும் இடத்தில் அவனைப் பற்றித் தெரிந்தவர்கள் நாலு பேராவது வேண்டும் தங்கச்சி.

சும்மா_பார்க்க_வந்தேன் | காலை 9.30

முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னால் சளி சிரப் ஒரு மூடி கொடுத்தால் நன்றாகத் தூங்குவான். நாங்கள் பஸ் பயணத்துக்கு அப்படித்தான்.

ஆற்காடு_டீச்சர் | காலை 9.52

மேலே சொன்னதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தூங்க வைக்கச் சளி மருந்து கொடுப்பது ஆபத்து, மூச்சையே பாதிக்கலாம். சில பிள்ளைகளுக்கு அது தூக்கத்தைத் தராமல் தலைகீழாக ஆட்டம் போட வைக்கும்.

நான் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியை, பதினொரு வருடம். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்’ என்று பழி போட்டது உங்கள் மாமியார் மட்டுமல்ல. 1950, 60களில் அமெரிக்க டாக்டர்களே, தாய் பாசமாக இல்லாததால்தான் ஆட்டிசம் வருகிறது என்றார்கள். ஐஸ்பெட்டி அம்மாக்கள் என்று அதற்கு ஒரு பெயர் வேறு வைத்தார்கள். அங்கே பாசம் போதவில்லை, இங்கே பாசம் ஜாஸ்தி! அந்தக் கொள்கையைத் தூக்கிப்போட்டு எத்தனையோ காலம் ஆகிறது. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு இது, மரபணுவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நீங்கள் கொடுத்ததும் கொடுக்காததும் காரணம் இல்லை.

இரண்டாவது, மாப்பிள்ளை வீட்டார் மனதில் ஓடப்போகும் கேள்வி, ‘நம் வீட்டுப் பேரப்பிள்ளைக்கும் வருமா?’ ஒரு பிள்ளைக்கு இருந்தால் கூடப் பிறக்கும் தம்பி தங்கைக்கு ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு என்கிறார்கள். அத்தை பெறும் பிள்ளைக்கு அதைவிட எவ்வளவோ குறைவு. யாராவது கேட்டால் வீட்டுக்காரர் இதைப் பதறாமல் சொல்லலாம்.

மண்டபத்துக்கு முன்கூட்டியே தயார் செய்யுங்கள். காலியாக இருக்கும் ஒரு நாளில் கூட்டிப்போய் வாசல், மேடை, சாப்பாட்டுக் கூடம், பின்வாசல் எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். தினமும் தூங்கும் முன் அதே வரிசையில் காட்டுங்கள். முதலில் கார், அப்புறம் மேளம், அப்புறம் சாப்பாடு, அப்புறம் வீடு. கடைசியில் வீடு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

ராணிப்பேட்டை_கணக்கன் | மதியம் 1.15

நான் பெற்றோர் இல்லை. எனக்கே ஆட்டிசம். வயது 37, ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவு. 31 வயதில்தான் தெரிந்தது.

மண்டபத்தைப் பற்றி உள்ளிருந்து சொல்கிறேன். மேளம்கூடப் பழகிவிடும், ஒரே தாளம். கெட்டிமேளம்தான் எமன். யாரோ ஒருவர் கையைத் தூக்குவார், அடுத்த நொடி மேல் கூரை இடிந்து விழுந்த மாதிரி இருக்கும். எனக்கு அது காதில் கேட்காது, பல்லில் கேட்கும். அதே நேரத்தில் அட்சதை வந்து முகத்தில் விழும், கேமரா லைட் கண்ணில் அடிக்கும், பக்கத்தில் நிற்கும் சித்தப்பா தோளில் கை போடுவார். சிறுவயதில் ஒருமுறை அந்தச் சித்தப்பாவைக் கடித்துவிட்டேன். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் நான் ‘கடிச்சவன்’தான்.

தாலி கட்டும் நேரத்தில் அவன் மண்டபத்துக்குள் இருக்க வேண்டாம். காதுக்கு, கம்பெனியில் பஞ்சிங் மிஷின் பக்கம் நிற்பவர்கள் மாட்டுவார்களே, அந்தச் சத்தம் அடைக்கும் ஹெட்போன் வாங்குங்கள். அன்றைக்குத் திடீரென்று மாட்டினால் பிடுங்கி எறிவான். இப்போதிருந்தே வீட்டில் தினம் இரண்டு நிமிடம் மாட்டிப் பழக்குங்கள்.

சொல்வதா வேண்டாமா என்பதற்கு: எனக்குப் பெயர் தெரியாத 31 வருடமும் நான் பெயர் இல்லாமல் இருக்கவில்லை. ‘திமிர்’, ‘ஊமைக்கோட்டான்’, ‘கடிச்சவன்’. உங்கள் பையனுக்கு ஐந்து வயதுக்குள் ‘செல்லம்’ என்று வைத்துவிட்டார்கள். இன்னும் வைப்பார்கள்.

பேர்_வேண்டாம் | மதியம் 2.40

கணக்கன் சார் சொல்வது புரிகிறது. ஆனால் பெயர் சொன்னாலும் ஊர் அதைத் திட்டாகத்தான் மாற்றும். எங்கள் தெருவில் இப்போது பிள்ளைகள் சண்டையில் ‘போடா ஆட்டிசம்’ என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் கற்றதாம்.

காட்பாடி_ஜங்ஷன் | இரவு 9.10

இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எனக்கு 22 வயதில் மகன். கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன் கண்ணு, உனக்கு உதவலாம்.

அவனுக்கு நாலு வயதில் தெரிந்தபோது ஆட்டிசம் என்றால் அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியாது. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் நம்பிக்கை நிலையம் என்று ஓர் இடம், அங்கே தாயும் பிள்ளையும் கூடவே இருந்து கற்றுக்கொள்வோம். டாய்லெட் பழக்கம், சட்டை பட்டன், தட்டில் சாப்பிடுவது, எல்லாம் அங்கேதான் எனக்குப் புரிந்தது. அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவள் நான்தான் என்பதும் அங்கேதான் உறைத்தது. அது வரை யாராவது சரிசெய்து கையில் கொடுப்பார்கள் என்று இருந்தேன்.

அப்புறம் சான்றிதழ். அப்போது இருந்தது 1995ஆம் ஆண்டு சட்டம். அதில் ஏழே வகை ஊனம், ஆட்டிசம் கிடையாது. அதனால் என் மகனுக்கு ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். 2016 சட்டத்தில்தான் 21 வகையாகி, ஆட்டிசத்துக்குத் தனி இடம் வந்தது. இப்போது நாற்பது கேள்வி கொண்ட ஓர் அளவுகோல் வைத்து மதிப்பிட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். ஆனால் தமிழில் அலுவலகத் தாளில் அதை என்னவென்று போடுகிறார்கள் தெரியுமா? ‘புற உலகச் சிந்தனையற்றவர்’. படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. என் பையனுக்கா புற உலகச் சிந்தனை இல்லை? 22625 டபுள் டெக்கர், 12639 பிருந்தாவன், 16089 ஏலகிரி என்று காட்பாடியில் நிற்கும் வண்டி ஒன்று விடாமல் நம்பரோடு சொல்வான். வண்டி லேட்டானால் எங்கள் வீட்டில் அன்று சோறு லேட். அவனுக்குப் புற உலகம் ஜாஸ்தி, அதுதான் கஷ்டமே.

பெயரில் எனக்கு நம்பிக்கை போனதற்கு அதுவும் ஒரு காரணம். எந்தப் பெயரைச் சொன்னாலும் கேட்பவர் மனதில் வேறு ஏதோ படம் ஓடும். அதனால் நான் ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்கிறேன். அரசாங்கத்திடம் முழுப் பெயரையும் சொல்லிவிடுவேன், மறைப்பதே இல்லை. பக்கத்து வீட்டில், கடையில், கல்யாணத்தில் பெயரைச் சொல்ல மாட்டேன். ‘திடீர்னு தொடாதீங்க’, ‘கேள்வி கேட்டா பத்து எண்ற நேரம் காத்திருங்க, பதில் வரும்’, இவ்வளவுதான். ஜனங்களுக்கு ‘என்ன செய்யணும்’ என்று சொன்னால் செய்கிறார்கள். ‘என்ன வியாதி’ என்று சொன்னால் வைத்தியம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே. கல்யாணப் பேச்சு எப்படி முடிந்தாலும் சான்றிதழ் எடுத்துவிடு. வீட்டுக்காரர் முத்திரை குத்திவிடுவார்கள் என்று பயப்படுகிறாரா? என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இரண்டு வருடம் இழுத்தடித்தார். அது பீரோவில் கிடக்கப்போகும் காகிதம், யாரும் அதை நெற்றியில் ஒட்டப்போவதில்லை. அது இருந்தால் மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் உண்டு. பின்னால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள், மொழிப்பாட விலக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம். 18 முடிந்தால் சட்டப்படி அவன் பெரியவன், நீ கையெழுத்துப் போட முடியாது. அவனுக்குப் பாதுகாவலராக உன்னை நியமிக்கக் கலெக்டர் தலைமையில் உள்ள குழுவிடம் போக வேண்டும். நான் போனேன்.

வாலாஜா_தம்பி | இரவு 10.33

எனக்கு அண்ணன், 34 வயது, பேச்சு இல்லை. டேப்லெட்டில் ஆவாஸ் என்ற செயலியில் படத்தைத் தொட்டுப் பேசுவார். சென்னையில் உருவானது, தமிழும் பேசும். அண்ணன் அதிகம் தொடுவது ‘காபி’, ‘போ’. ‘போ’ என்பது எனக்கு.

என் கல்யாணத்தில் இதே பிரச்சினை வந்தது. அப்பா மறைக்கச் சொன்னார். நான் பெண் பார்த்த அன்றே அவளிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, உண்மைதான். மூன்றாவது இடம்தான் என் மனைவி.

அக்கா, இங்கே எல்லோரும் உங்களைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் பேசுகிறோம். கல்யாணம் யாருக்கு? உங்கள் நாத்தனாரிடம் யாராவது கேட்டீர்களா?

குடியாத்தம்_அம்மா | வியாழன் காலை 5.50

இல்லை தம்பி. யாரும் கேட்கவில்லை. படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

குடியாத்தம்_அம்மா | ஆறு வாரம் கழித்து, ஞாயிறு மாலை 4.15

கல்யாணம் முடிந்தது. இரண்டு மூன்று பேர் தனியாக விசாரித்தீர்கள், அதனால் எழுதுகிறேன்.

நாத்தனாரிடம் கேட்டேன். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ‘அண்ணி, நிச்சயம் முடிஞ்ச வாரமே நான் அவர்கிட்ட சொல்லிட்டேன். அவர் யூடியூப்ல என்னென்னவோ பார்த்துட்டு எனக்கே பாடம் எடுக்கிறாரு’ என்றாள். எங்கள் மொத்த வீடும் மூச்சை அடக்கிக்கொண்டு மறைத்தது, ஏற்கெனவே தெரிந்த ஆளிடம்! ஆனால் அவர் தன் அம்மாவிடம் சொல்லவில்லை. ‘அது நீங்க பாத்துக்கோங்க’ என்றாராம். வீட்டுக்கு வீடு வாசற்படி.

அதன் பிறகுதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அம்மாவிடம், ‘பையன் வர்றான். கெட்டிமேளத்துக்கு முன்னாடி நான் வெளியே கூட்டிட்டுப் போறேன், தாலி கட்டும்போது நான் இல்லன்னு யாரும் தேட வேண்டாம்’ என்றார். கூடப் பிறந்தவன் தாலி கட்டும்போது இல்லாமலா என்று ஒரே ரகளை. கடைசியில் நானே வெளியே போனேன்.

மண்டபத்தின் பின்கட்டு சமையல்கூடம். படத்தில் பார்த்த இடம் என்பதால் அவனே என்னை இழுத்துக்கொண்டு போனான். ஹெட்போன் மாட்டியிருந்தான். பூரி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் ஒவ்வொன்றாக எண்ணெயில் விட, அது கீழே போய், மேலே வந்து, ஒரு பக்கம் புடைத்து உப்பும். உப்பும்போதெல்லாம் இவன் கையிரண்டையும் உதறிக் குதிப்பான். மாஸ்டர் இவனைப் பார்த்துவிட்டு, அடுத்த பூரியை விடும் முன் ஒரு நொடி நிறுத்தி இவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட ஆரம்பித்தார். யாரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கெட்டிமேளம் கேட்டது. இவன் திரும்பவில்லை. நாத்தனார் தாலியை நான் பார்க்கவில்லை, வீடியோ வந்தால்தான்.

பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா மறுபடியும், ‘இன்னாத்துக்கு இது, காதுல எதையோ மாட்டிகினு கீறான்?’ என்றார். நான் வாயெடுப்பதற்குள் மாமியார் குறுக்கே வந்து, ‘அவனுக்குச் சத்தம் ஆவாதும்மா’ என்றார். கத்திரிக்காய் ஆகாது, பெயிண்ட் வாசனை ஆகாது என்போமே, அந்த மாதிரி. அவரும், ‘ஓ, ஆவாதா’ என்று விட்டுவிட்டார். என் மாமியாருக்குக் கருவாட்டு வாசனை ஆகாது, வீட்டில் சமைக்கவே விடமாட்டார். அதே கணக்கில் இதையும் சேர்த்துவிட்டார் போல.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மாலை ரிசப்ஷனில் டிஜே வைத்தார்கள். அது எங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. ஸ்பீக்கர் அதிர ஆரம்பித்ததும் ஹெட்போனை எறிந்தான், தரையில் விழுந்து தலையை முட்டினான், என் முன்கையைக் கடித்துவிட்டான். பல் தடம் இன்னும் இருக்கிறது. தூரத்துச் சொந்தக்காரப் பையன் ஒருவன் அதை போனில் எடுத்தான். வீட்டுக்காரர் போய் அழிக்க வைத்தார். எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி வாசல் வரை வந்து, எந்தக் கோயிலில் எத்தனை வாரம் விளக்கு போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். காட்பாடி அக்கா சொன்னது சரி.

சான்றிதழுக்கு மனு கொடுத்திருக்கிறோம். கையெழுத்து அவர்தான் போட்டார்.

பேர்_வேண்டாம் | மாலை 5.02

பல் தடத்துக்கு மஞ்சள் வைத்து விட்டுவிடாதீர்கள். தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். என் மகளும் கடிப்பாள்.

அந்த ஹெட்போன் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை? என் தங்கைக்கு ஆவணியில் கல்யாணம்.

குடியாத்தம்_அம்மா | மாலை 5.20

அட, தங்கைக்கா! சந்தோஷம் அக்கா.

ஹார்டுவேர் கடையில், ஹெல்மெட், கையுறை விற்கும் பக்கம் தொங்கும். 380 ரூபாய் சொன்னார், 350க்கு வாங்கினேன். பெரியவர்கள் அளவு, மேல்பட்டைக்குத் துண்டைச் சுருட்டித் தைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க மாட்ட விடாதீர்கள், டீச்சர் சொன்னார்கள், சத்தம் வரும் நேரத்துக்கு மட்டும். இப்போது எங்கள் வீட்டில் மிக்ஸி போடும் முன் மாமியார் அடுப்படியிலிருந்து ‘காதுல மாட்டிக்கடா’ என்று கத்துகிறார். மிக்ஸியைவிட அந்தச் சத்தம்தான் ஜாஸ்தி.